"ஐ5, 16 ஜிபி, 4 ஜிபி கார்டு" என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் காசு கொடுக்காதீர்கள்

பாலக்காட்டு எல்லையில் இருக்கும் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கத்தில் இருந்து கோயம்புத்தூர் போய் கேமிங் கம்ப்யூட்டர் வாங்க நினைப்பவர்கள், தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் பஸ் ஏறுங்கள். என் தம்பி டிப்ளமோ படித்துக்கொண்டே கல்யாண வீடுகளில் பரிமாறும் வேலைக்குப் போய் இரண்டு வருடமாகச் சேர்த்த 32,000 ரூபாய் ஒரே மதியத்தில் போயிற்று. கூடப் போனவன் நான். அந்த வருத்தம் இன்னும் அடங்கவில்லை.

காந்திபுரம் பக்கம் ஒரு மாடிக்கடை. கடைக்காரர் நன்றாகத்தான் பேசினார். "பாலக்காட்டுப் பக்கமாங்கண்ணா, நம்ம ஆளுங்கதான், தைரியமா எடுத்துட்டுப் போங்க" என்றார். தம்பி வேலோரன்ட் என்ற ஆன்லைன் துப்பாக்கிச் சண்டை கேம் விளையாட வேண்டும் என்று சொன்னதும் ஒரு வெள்ளைத் தாளில் ஐ5 பிராசஸர், 16 ஜிபி ரேம், 1050 டிஐ 4 ஜிபி கார்டு (கேமின் படத்தைத் திரையில் வரையும் என்விடியா கிராஃபிக்ஸ் கார்டு), 450 வாட் எஸ்எம்பிஎஸ் (உள்ளே இருப்பவற்றுக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டி), விண்டோஸ் 11 என்று எழுதி மொத்தம் போட்டுக் கொடுத்தார். பணத்தை அவர் சொன்ன நம்பருக்கு ஜிபே பண்ணினோம். ஜிஎஸ்டி பில் கேட்டதற்கு "பில் போட்டா 18 சதவீதம் கூட வரும், உங்களுக்குத்தான் நஷ்டம்" என்றார். சரி என்று விட்டோம். முதல் தப்பு அது.

வீட்டுக்கு வந்து ஆன் பண்ணினால் விண்டோஸ் வந்தது, பாட்டு ஓடியது, யூடியூப் ஓடியது. வேலோரன்ட் மட்டும் திறக்கவே இல்லை, வேன் 9001 என்று ஒரு எரர். போன் பண்ணினால் "அது கேம்ல இருக்கிற பிரச்சினை தம்பி, ரெண்டு நாள்ல சரியாகும்" என்று பதில். உண்மையில் அந்த எரருக்கு அர்த்தம் வேறு. விண்டோஸ் 11-ல் அந்த கேம் ஓட டிபிஎம் 2.0 (பாதுகாப்புக்கான சிப்), செக்யூர் பூட் (ஆன் ஆகும்போதே நம்பகமான மென்பொருள்தானா என்று பார்க்கும் வசதி) இரண்டும் வேண்டும். எங்களுக்குக் கொடுத்தது ஐ5-3470, 2012-ல் வந்த மூன்றாம் தலைமுறை பிராசஸர். அந்தக் காலத்து போர்டில் டிபிஎம் 2.0 ஏது? விண்டோஸ் 11-க்கு இன்டெல்லில் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும் என்பது மைக்ரோசாஃப்ட் வைத்த கணக்கு, அந்தச் சோதனையை ஏமாற்றிவிட்டுத்தான் இவர்கள் விண்டோஸை ஏற்றியிருக்கிறார்கள். ஐ5 என்று சொன்னதில் பொய் இல்லை. அதற்குப் பின்னால் வரும் எண்ணை அவர் எழுதவும் இல்லை, நாங்கள் கேட்கவும் இல்லை. 3470 என்றால் மூன்றாவது, 12400 என்றால் பன்னிரண்டாவது தலைமுறை, அவ்வளவுதான் படிக்கத் தெரிய வேண்டும்.

அடுத்து கார்டு. எனக்கு வயிறு எரிவது இதில்தான். வேறு கேம் போட்டால் படம் நின்று நின்று வந்தது, பத்து நிமிஷத்தில் ஸ்க்ரீன் கறுத்துவிடும். "நான் கொடுத்த பென்டிரைவ்ல இருக்கிற டிரைவரை மட்டும் போடுங்க, அப்டேட் பண்ணாதீங்க" என்று கடைக்காரர் முன்பே சொல்லியிருந்தார். டிரைவர் என்பது கார்டை இயக்கும் மென்பொருள். அந்த ஒரு வார்த்தையிலேயே நாங்கள் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். கடைசியில் எங்கள் பக்கத்துச் சித்தூரில் தெரிந்த ஒரு சர்வீஸ் பையனிடம் தூக்கிக்கொண்டு போனோம். அவன் பின்பக்கத்தைப் பார்த்ததுமே தலையை ஆட்டினான். கார்டில் பழைய மானிட்டருக்கு அனலாக் சிக்னல் அனுப்பும் நீலக் கலர் விஜிஏ சொருகும் இடம் இருந்தது. 1050 டிஐ இருக்கிற பத்தாம் வரிசையில் என்விடியா அனலாக் சிக்னலையே விட்டுவிட்டது, அதனால் விஜிஏ துளை இருந்தாலே சந்தேகப்பட வேண்டும். பிறகு கார்டின் விவரத்தைக் காட்டும் ஜிபியூ-இசட் என்ற இலவச மென்பொருளைப் போட்டான், பெயருக்கு முன்னாலேயே ஃபேக் என்று காட்டியது. "பெட்டுப்போயி சேட்டா" (மாட்டிக்கிட்டீங்க அண்ணா) என்றான். உள்ளே இருந்தது 2011-ல் வந்த ஜிடிஎக்ஸ் 550 டிஐ, அதன் பயாஸை (கார்டுக்குள்ளேயே இருக்கும் அடிப்படை மென்பொருளை) மாற்றி எழுதி 1050 டிஐ என்று காட்ட வைத்திருக்கிறார்கள். நிஜமான கார்டில் படத்துக்கான கணக்குப் போடும் கோர் 768, இதில் 192. தம்பி அந்த ஸ்க்ரீனைப் பார்த்துக்கொண்டே நின்றான், ஒரு வார்த்தை பேசவில்லை.

எஸ்எம்பிஎஸ்ஸையும் கழற்றிப் பார்த்தோம். வெளியே பெரிசாக 450 வாட். பக்கத்தில் ஒட்டியிருந்த சின்ன அட்டவணையில் 12 வோல்ட்டுக்கு நேரே 16 ஆம்பியர். இரண்டையும் பெருக்கினால் 192 வாட்தான், பிராசஸரும் கார்டும் முக்கியமாக இழுப்பது இந்த 12 வோல்ட்டில்தான். பிராசஸருக்கு 77, அந்தப் பழைய கார்டுக்கு 116, அதிலேயே 193 ஆகிவிட்டது, போர்டு, ஃபேன் எல்லாம் அதற்கு மேலே. ஸ்க்ரீன் கறுக்காமல் என்ன செய்யும்? ஃபைல்களைச் சேமிக்கும் எஸ்எஸ்டி மட்டும் சொன்ன அளவில் சரியாக இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

பட்ஜெட் குறைவு என்றால் கார்டே இல்லாமல் ஆரம்பியுங்கள். ரைசன் 5 5600ஜி மாதிரி உள்ளேயே கிராஃபிக்ஸ் இருக்கிற பிராசஸர், 8 ஜிபி ரேம் இரண்டு, நல்ல கம்பெனி எஸ்எம்பிஎஸ். ரேம் ஒன்றாக வாங்காமல் இரண்டாக வாங்குங்கள், இந்த மாதிரி பிராசஸரில் அது கேமின் வேகத்தை நேரடியாகக் கூட்டும். வேலோரன்ட் அதிலேயே நன்றாக ஓடும், கையில் காசு சேர்ந்ததும் கார்டு போட்டுக்கொள்ளலாம். பழைய கார்டுதான் வாங்க முடியும் என்றால் கடையிலேயே ஜிபியூ-இசட் போட்டுக் காட்டச் சொல்லுங்கள், என்விடியா தளத்தில் இருந்து டிரைவரை இறக்கிப் போடச் சொல்லுங்கள், கால் மணி நேரம் ஒரு கேம் ஓடட்டும். மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

திரும்பப் போனபோது "பில் இல்லாம என்னங்கண்ணா பேசறீங்க, கேரளாவுல இருந்து வந்து கேஸா போடப் போறீங்க?" என்று சிரித்தார். போடலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் பண்ணிப் புகாரைப் பதிந்தோம். இப்போது அந்த வெள்ளைத் தாள், ஜிபே ரசீது, வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பிய விலை, ஃபேக் என்று காட்டிய ஸ்க்ரீன்ஷாட் எல்லாவற்றையும் சேர்த்துப் பாலக்காட்டு நுகர்வோர் ஆணையத்துக்கு எழுதிக்கொண்டிருக்கிறோம். கார்டை விற்கச் சொல்லி இரண்டு பேர் யோசனை சொன்னார்கள். தம்பி முடியாது என்றுவிட்டான், அது இன்னொரு பையன் கைக்குப் போகக் கூடாதாம்.