கம்யூனிட்டி காலேஜில் நர்சிங் படிப்பு: சேரலாமா என்று கேட்பவர்களுக்கு

கலிஃபோர்னியாவில் ஒரு கம்யூனிட்டி காலேஜில் (குறைந்த கட்டணத்தில் இரண்டு வருடப் பட்டம் தருகிற அரசுக் காலேஜ்) ஏடிஎன் என்கிற இரண்டு வருட நர்சிங் பட்டம் முடித்து, நர்ஸ் லைசென்ஸ் வாங்கி, இப்போது ஒரு ஆஸ்பத்திரியில் மெட்-சர்ஜ் வார்டில், அதாவது பொது மருத்துவம், ஆபரேஷன் நோயாளிகள் இருக்கிற வார்டில், நைட் ஷிஃப்ட் பார்க்கிறேன். ஊரில் படித்தது பி.காம். இங்கே காலேஜில் முதல் நாள் வகுப்புக்குப் போனபோது எனக்கு வயது 34, சின்னவன் அப்போதுதான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தான். கோயிலில் பார்க்கிற பெண்கள், மகன் பள்ளியில் பார்க்கிறவர்கள் என்று வாரத்துக்கு ஒருவராவது "அக்கா, அந்தப் படிப்பு எப்படி, நாங்க சேரலாமா?" என்று கேட்கிறார்கள். போனில் ஒவ்வொருவருக்கும் சொல்வதை இங்கே மொத்தமாக எழுதிவிடுகிறேன். குறையும் சொல்லப் போவதால் காலேஜ் பெயரைப் போடவில்லை.

படிப்பு தங்கம். கொடுத்த காசுக்குப் பத்து மடங்கு. ஆனால் அதற்குள் நுழைகிற வழி நீளம், அதை யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை.

இரண்டு வருடப் படிப்பு என்று போட்டிருக்கும். அந்த இரண்டு வருடம் நர்சிங் வகுப்புகள் மட்டும். அதற்கு விண்ணப்பம் போடவே அனாடமி, ஃபிசியாலஜி, மைக்ரோபயாலஜி மூன்றும் லேபோடு முடித்திருக்க வேண்டும், கூடவே ஆங்கிலக் கட்டுரை வகுப்பு, பல இடங்களில் அதற்கும் முன்னால் ஒரு கெமிஸ்ட்ரி. என்னைப் போல பிளஸ் டூவில் காமர்ஸ் எடுத்தவர்களுக்கு எல்லாமே புதுசு. குழந்தையை வைத்துக்கொண்டு ஒரு செமஸ்டருக்கு ஒரு லேப் பாடம்தான் தாங்கும், அப்படி எனக்கு இரண்டு வருடம் போனது. பிறகு விண்ணப்பம், முதல் தடவை இடம் கிடைக்கவில்லை, ஒரு வருடம் காத்திருப்பு. மொத்தம் ஐந்து வருடம். தொடங்கும்போதே இந்தக் கணக்கு தெரிந்திருந்தால் வீட்டில் எல்லோரும் மனதைத் தயார் செய்திருப்போம்.

இதில் ஒரு செமஸ்டர் வீணானதற்குக் காரணம் காலேஜ்தான். கவுன்சிலர் எனக்கு எடுக்கச் சொன்னது அனாடமியும் ஃபிசியாலஜியும் சேர்ந்த ஒரு சுருக்கமான பாடம். 'ஏ' வாங்கினேன். அப்புறம் நர்சிங் துறையில் போய்க் கேட்டால், அது எங்களுக்குச் செல்லாது, தனித்தனியாக எடுத்துவிட்டு வாருங்கள் என்றார்கள். ஒரே காலேஜ், இரண்டு கட்டிடம், நடுவில் ஒரு புல்வெளி. அந்த நடைபாதையில் உட்கார்ந்து அழுதேன். இதைப் படிக்கிறவர்கள் பொதுக் கவுன்சிலரோடு நிறுத்தாமல், நர்சிங் துறை நடத்துகிற அறிமுகக் கூட்டத்துக்கு முதலில் போங்கள், எந்தப் பாடம், எத்தனை யூனிட் (பாடத்தின் அளவை யூனிட்டில்தான் கணக்கிடுவார்கள்), எத்தனை வருடத்துக்குள் எடுத்திருக்க வேண்டும் என்று எழுத்தில் வாங்குங்கள். சில இடங்களில் அறிவியல் பாடங்கள் ஐந்து அல்லது ஏழு வருடத்துக்கு மேல் பழசானால் ஏற்கமாட்டார்கள்.

இடம் கொடுக்கும் முறையும் காலேஜுக்குக் காலேஜ் வேறு. சில இடங்களில் தகுதியுள்ள எல்லோரின் பெயரையும் போட்டுக் குலுக்கல். சில இடங்களில் புள்ளிக் கணக்கு: அறிவியல் பாடங்களில் வாங்கிய கிரேடு, டீஸ் என்கிற நுழைவுத் தேர்வு மதிப்பெண், ஏற்கெனவே ஒரு பட்டம் இருக்கிறதா, மருத்துவமனை அனுபவம் இருக்கிறதா, குடும்பச் சூழ்நிலை எப்படி என்று ஒவ்வொன்றுக்கும் புள்ளி. நம்மவர்கள் பலருக்குத் தெரியாத ஒன்று, ஆங்கிலம் தவிர இன்னொரு மொழி தெரிந்தால் அதற்கும் புள்ளி உண்டு, இந்தியத் துணைக்கண்ட மொழிகளும் இருக்கலாம் என்று மாநிலச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. தமிழ் தெரிந்ததற்கு எனக்கு இந்த நாட்டில் மதிப்பெண் கிடைத்த ஒரே இடம் அதுதான். எப்படி நிரூபிப்பது என்று உங்கள் காலேஜில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு இரண்டாவது தடவை இடம் கிடைத்ததில் அந்தச் சில புள்ளிகளுக்கும் பங்கு உண்டு.

செலவு. மாநிலத்தில் குடியிருப்பு உள்ளவர்களுக்கு ஒரு யூனிட் 46 டாலர். நர்சிங் பாடங்கள் ஏறக்குறைய 40 யூனிட் என்று வைத்தாலும் 2,000 டாலருக்குள் முடிந்துவிடும். புத்தகம், யூனிஃபார்ம், ஸ்டெதஸ்கோப், ஆன்லைன் பயிற்சித் தேர்வுகள், பின்னணிச் சோதனை எல்லாம் சேர்ந்து அந்தக் கட்டணத்தைத் தாண்டிவிடும், அதற்கு ஒதுக்கி வையுங்கள். இதே லைசென்ஸுக்குத் தனியார் காலேஜ்களில் பல பத்தாயிரம் டாலர் கடன் வாங்கியவர்கள் இப்போது என் வார்டில் பக்கத்து நோயாளியைப் பார்க்கிறார்கள்.

தடுப்பூசி விஷயத்தில் நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. கிளினிக்கல், அதாவது ஆஸ்பத்திரியில் நேரடிப் பயிற்சி, போகும் முன் காசநோய்ச் சோதனை கேட்பார்கள். நமக்கெல்லாம் பிறந்தவுடன் பிசிஜி என்கிற காசநோய்த் தடுப்பூசி போட்டிருப்பதால் கையில் குத்துகிற சோதனை வீங்கிப் போய் பாசிட்டிவ் என்று வரலாம், அப்புறம் எக்ஸ்ரே, கடிதம் என்று அலைய வேண்டும். நேராக ரத்தச் சோதனை செய்துகொள்கிறேன் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், அதைப் பிசிஜி குழப்பாது.

இனி பாடம். எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது தேர்வுக் கேள்விகள்தான். நாம் புத்தகத்தை மனப்பாடம் செய்து எழுதிப் பழகியவர்கள். இங்கே நான்கு விடைகளும் சரியாகவே இருக்கும், இதில் முதலில் எதைச் செய்வாய் என்று கேட்பார்கள். உதாரணத்துக்கு, உன்னிடம் நான்கு நோயாளிகள்: ஒருவருக்கு ஆபரேஷன் முடிந்து வலி, ஒருவருக்குச் சர்க்கரை 180, ஒருவர் வீட்டுக்குப் போகக் காத்திருக்கிறார், இடுப்பு எலும்பு முறிந்த ஒருவருக்குத் திடீரென மூச்சு வாங்குகிறது. யாரிடம் முதலில் போவாய்? நான் வலியில் துடிக்கிறவரிடம் ஓடினேன். எலும்பு முறிவுக்காரருக்கு ரத்தக்கட்டியோ கொழுப்போ நுரையீரலில் போய் அடைத்திருக்கலாம், நிமிடங்களில் போய்விடுவார். முதல் செமஸ்டர் முதல் தேர்வில் எனக்கு 71, பாஸ் மார்க் 75. ஊரில் எப்போதும் முதல் மூன்று ரேங்குக்குள் இருந்தவள், அன்றைக்கு இரவு சோறு இறங்கவில்லை. தவறிய ஒவ்வொரு கேள்வியையும் டீச்சரோடு உட்கார்ந்து பார்த்த பிறகுதான் தலையில் ஏறியது. அந்த டீச்சர் தன் ஓய்வு நேரத்தில் எனக்குக் கொடுத்த எட்டு சனிக்கிழமைகளுக்கு எந்தக் கட்டணமும் ஈடாகாது.

மருந்து அளவுக் கணக்குத் தேர்வு தனி. 90 சதவீதம் எடுக்காவிட்டால் வார்டுக்கு அனுப்பமாட்டார்கள், சில காலேஜ்களில் 100 கேட்பார்களாம். 0.5 என்று எழுத வேண்டும், புள்ளிக்கு முன் பூஜ்யம் போடாமல் விட்டால் தப்பு. 5.0 என்று எழுதினாலும் தப்பு, புள்ளி கண்ணில் படாமல் போனால் 50 ஆகிவிடும். இந்தக் கண்டிப்பு சரியானது, ஒரு மதிப்பெண்ணும் குறைத்துச் சொல்லமாட்டேன்.

கிளினிக்கல்தான் இந்தப் படிப்பின் உயிர். காலை 6:45க்கு வார்டில் நிற்க வேண்டும், முந்தின இரவே நோயாளியின் மருந்துகள், ரத்தப் பரிசோதனை, என்ன கவனிக்க வேண்டும் என்று தாள் தாளாக எழுதி வைத்திருக்க வேண்டும். பொது வார்டு, பிரசவம், குழந்தைகள், மனநலம், முதியோர் என்று எல்லாவற்றிலும் நிற்க வைப்பார்கள். முதல் வாரம் எனக்குக் கிடைத்தவர் பக்கவாதம் வந்த ஒரு பெரியவர், அவருக்குப் படுக்கையிலேயே குளிப்பாட்டி விட வேண்டும். என் கை நடுங்கியது. வேற்று ஆண், அதுவும் என் அப்பா வயது. டீச்சர் பக்கத்தில் வந்து நின்று காட்டினார்: உடம்பு முழுக்கப் போர்த்தியே இருக்க வேண்டும், எந்தக் கையைத் துடைக்கிறோமோ அது மட்டும் வெளியே. கண்ணை மூக்குப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் துடைக்க வேண்டும், அடுத்த கண்ணுக்குத் துணியின் வேறு மூலை. கையை மணிக்கட்டிலிருந்து மேலே தோள் நோக்கி. தண்ணீர் ஆறிவிட்டால் மாற்ற வேண்டும். ஒவ்வொன்றையும் செய்யும் முன் அவரிடம் சொல்ல வேண்டும், அவரால் பதில் சொல்ல முடியாவிட்டாலும். முடித்து, சட்டை மாற்றி, தலையணை சரி செய்தபோது அவர் நல்ல கையால் என் விரலைப் பிடித்துக்கொண்டார். நான் இந்த வேலைக்கு வந்தது சரிதான் என்று எனக்கு நிச்சயமானது அப்போது.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. நர்சிங் சேர்கிறேன் என்றதும் அம்மா போனில், "ஏம்மா, பெட்பேன் எடுக்கவா உன்னைப் படிக்க வெச்சோம்?" என்றாள். இங்கே இருக்கிற நம்மவர்களிலும் சிலர், கம்யூனிட்டி காலேஜா, அது சும்மா இரண்டு வருடக் குறுக்கு வழிதானே என்று முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். எனக்கு ரொம்பக் கோபம் வந்தது, இப்போதும் வருகிறது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இருந்த மில்ட்ரெட் மொண்டாக் யோசித்த முறை இது, 1952ல் ஏழு காலேஜ்களில் சோதனையாக ஆரம்பித்தார்கள். அன்றிலிருந்து இந்த நாட்டில் எத்தனையோ படுக்கைகளுக்குப் பக்கத்தில் நிற்பவர்கள் இப்படிப் படித்து வந்தவர்கள். பிஎஸ்என் என்கிற நான்கு வருட நர்சிங் பட்டம் படித்தவரும் நானும் எழுதியது ஒரே என்கிளெக்ஸ் என்கிற லைசென்ஸ் தேர்வு: குறைந்தது 85 கேள்வி, அதிகபட்சம் 150, ஐந்து மணி நேரம். எனக்கு 85ஆவது கேள்வியோடு கம்ப்யூட்டர் தேர்வை முடித்துவிட்டது, காரில் உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருந்தேன், இரண்டு நாளில் பாஸ் என்று தெரிந்தது.

வேலைக்கு வரும்போது மட்டும் வித்தியாசம் தெரியும். பெரிய ஆஸ்பத்திரிகள் பல பிஎஸ்என் கேட்கின்றன. நான் முதல் ஒன்பது மாதம் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வேலை செய்துகொண்டே ஆன்லைனில் பிஎஸ்என் சேர்ந்தேன், அதைக் காட்டித்தான் இந்த ஆஸ்பத்திரி கூப்பிட்டது. இங்கே மெட்-சர்ஜில் ஒரு நர்ஸுக்கு ஐந்து நோயாளிக்கு மேல் கொடுக்கக் கூடாது என்பது சட்டம், அதனால் வேலை கடினமாக இருந்தாலும் மூச்சு விட முடிகிறது.

எச்4 விசாவில், அதாவது எச்1பி வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்துக்குத் தருகிற விசாவில், இருப்பவர்கள் கவனியுங்கள். படிக்கத் தடை இல்லை, ஆனால் சம்பளத்துக்கு வேலை பார்க்க அனுமதி அட்டையோ கிரீன் கார்டோ வேண்டும். ஏடிஎன் முடித்ததும் ஆஸ்பத்திரி எச்1பி போட்டுத் தரும் என்று நம்பி இறங்காதீர்கள், இரண்டு வருடப் பட்டத்துக்கு அது நடக்கிற காரியமில்லை. ஐந்து வருடத்தில் உங்கள் வீட்டு கிரீன் கார்டு எந்தக் கட்டத்தில் இருக்கும் என்று கணவரோடு உட்கார்ந்து கணக்குப் போட்டுவிட்டுச் சேருங்கள்.

சேருவது என்று முடிவானால் முதல் வேலை ஊரில் படித்த மார்க்‌ஷீட். யூனிவர்சிட்டியிலிருந்து நேராக, சீல் வைத்த கவரில், வெளிநாட்டுப் படிப்பு இங்கே எதற்குச் சமம் என்று மதிப்பீடு செய்கிற நிறுவனத்துக்குப் போக வேண்டும். எனக்குத் தம்பி மூன்று தடவை நேரில் போய் நின்று, நான்கு மாதம் ஆனது. இந்த வாரமே ஊருக்குப் போன் போடுங்கள்.