சுவருக்கு எக்கோ குறைக்கிற பேனல் அடிக்கக் குடுக்கிற ஆக்கள் கவனம்: 186,000 ரூபா போச்சு

திருகோணமலையில ஒபிஸ், ஸ்டூடியோ, டியூஷன் வகுப்பு எண்டு புதுசாத் திறக்கிற ஆக்கள் இதை வாசிச்சுப்போட்டுக் காசு அனுப்புங்கோ. கோபம் இன்னும் ஆறேல்லை.

டொக்யார்ட் வீதிப் பக்கம் மாடியில கொஞ்சப் பேர் சேர்ந்து ஒரு பொது வேலைத்தளம் நடத்துறம். மேல கொங்கிரீட் தட்டு, கீழ டைல்ஸ், முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. ஒராள் ஸூமில கதைச்சால் தகரப் பீப்பாவுக்குள்ள நிண்டு கத்துற மாதிரி.

இணையத்தில ஓயாமல் விளம்பரம் வாற ஒரு உள்ளலங்காரக் கடையைப் பிடிச்சம். பெயர் போடேல்லை. டிசைன் செய்யிற தம்பி நல்ல மரியாதை. "சுவர் முழுக்க அடிக்கத் தேவையில்லை அண்ணா, கண்ணாடிக்கு எதிர்ச் சுவரில, இருந்து கதைக்கிற உயரத்தில போட்டாக் காணும்" எண்டான். விற்க வந்தவன் குறைச்சு வாங்கச் சொல்லுறான், ஆர் நம்பாமல் விடுவினம்? கோணேசர் மலையின்ர கோட்டுருவம், கீழ மூண்டு நீலத்தில அலை எண்டு அருமையா வரைஞ்சும் அனுப்பினான். பஸ்ஸில மாதிரித் துண்டும் வந்தது. இரண்டு அங்குல ரொக்வூல் (கல்லை உருக்கி எடுக்கிற நார்), மேல துணி; துணியில வாய் வச்சு ஊதினால் காத்து உள்ள போகுது. அந்தத் துண்டுதான் எங்களை விழுத்தினது. முழுக் காசும் கட்டினால்தான் துணி வெட்டலாமாம். கட்டினம். 186,000 ரூபா.

வந்த பெட்டியை ஒரு கையால தூக்கலாம். மாட்டிப்போட்டுக் கை தட்டினால் அதே எக்கோ. மூலையை பிளேட்டால கீறினன், வெள்ளை மணி மணியாக் கையில ஒட்டுது. ரிஜிபோம், டிவிப் பெட்டிக்குள்ள வாற அதே வெள்ளைச் சாமான்! மேல ரெக்சின். நார்ப் பொருளுக்குள்ள காத்துப் புகுந்து உரசித்தான் சத்தம் அடங்கும். இதுக்குள்ள காத்தே போகாது. பத்தினால் உருகிச் சொட்டும், கரும்புகை வேற. ஆக்கள் இருந்து வேலை செய்யிற இடமப்பா!

போன் எடுத்தால் முதல்ல "ஸ்டோரில மாறிட்டுது அண்ணா". பிறகு "பொஸ் வெளிநாட்டில". பிறகு "உங்கட அறைதான் பிழை". கடைசியா "டிசைன் காசு திருப்பித் தாறேல்லை". என்ன டிசைன் காசு? 186,000 ரூபாயும் டிசைனுக்கோ? விளம்பரம் போட்ட தளமோ, காசு தங்களுக்கூடாக வரேல்லையாம், பொறுப்பில்லையாம்.

எப்பிடிப் பார்த்து வாங்கிறது எண்டு விளக்கமா எழுத நினைச்சன், இப்ப பொறுமையில்லை. பில்லில உள்ளுக்கு என்ன பொருள், எத்தினை அங்குலம் எண்டு எழுதி வாங்குங்கோ. வந்த உடன லொறிக்காரனை நிப்பாட்டி வச்சு ஒண்டைக் கீறிப் பாருங்கோ. மிச்சக் காசு அதுக்குப் பிறகு. ஏமாந்தால் முறையிட நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின்ர போன் நம்பர் 1977.

இண்டைக்குப் பார்த்தால் எங்கட சுவரின்ர படத்தையே "திருமலையில எங்கள் வேலை" எண்டு போட்டிருக்கிறாங்கள். நாங்கள் மாட்டின அண்டைக்கு அனுப்பின படம் அது. கோணேசர் மலையும் நீல அலையும் உள்ள அந்தப் படத்தைக் கண்டால், அது ரிஜிபோம்.