பணம் திரும்பி வரும் வழி: 11 ஆண்டுகளின் புகார்க் குறிப்பேடு

இணையத்தில் பொருள் வாங்கத் தொடங்கிய நாளிலிருந்தே, நான் அளிக்கும் ஒவ்வொரு புகாரையும் தேதி, புகார் எண், எதிர்முனையில் கிடைத்த பதில் ஆகியவற்றோடு ஒரு குறிப்பேட்டில் எழுதி வருகிறேன். 11 ஆண்டுகளில் 63 பதிவுகள் சேர்ந்துவிட்டன. உடைந்து வந்த பொருள், ரத்தான பயணம், நிறுத்திய பின்னும் பிடித்தம் செய்யப்பட்ட சந்தா என்று புகார்கள் பலவகைப்பட்டவை என்றாலும், அவற்றை வரிசையாகப் படிக்கும்போது தெரிவது ஒன்றுதான்: வருத்தம் தெரிவிக்க நிறுவனங்களுக்கு இப்போது ஒரு நிமிடம்கூட ஆவதில்லை, பணத்தைத் திருப்பித் தரும் அதிகாரம் உள்ளவரிடம் புகார் போய்ச் சேரத்தான் நாட்கணக்கில் ஆகிறது.

பழைய பதிவுகளில் மனிதர்கள் இருக்கிறார்கள். தொலைபேசியில் 20 நிமிடம் இசையைக் கேட்டுக்கொண்டு காத்திருந்த பிறகு ஒருவர் வருவார். சலிப்போடு பேசினாலும் மேலதிகாரியிடம் கேட்டுச் சொல்வதாக வாக்களிப்பார். சில நேரம் உண்மையிலேயே கேட்டும் சொல்வார். கடந்த நான்கைந்து ஆண்டுப் பதிவுகளில் அந்த இடத்தில், தானாகவே பதில் எழுதும் மென்பொருளான சாட்பாட் அமர்ந்திருக்கிறது. காத்திருப்பு இல்லாமல் போனது நன்மைதான். ஆனால், சாட்பாட் காட்டும் பட்டியலில் இல்லாத குறையைச் சொல்ல வழியே கிடையாது. ஒருமுறை ஹெட்போனில் இடப்பக்கம் ஒலிக்காமல் போனது. ‘பொருள் உடைந்துள்ளது’, ‘வேறு பொருள் வந்துள்ளது’, ‘பொருள் வரவில்லை’ என்ற மூன்றில் எதுவும் பொருந்தாததால் முதலாவதைத் தேர்ந்தெடுத்தேன். உடனே, சேதமடைந்த பகுதியைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னது. ஒலிக்காத ஹெட்போனின் ஊமைத்தனத்தை எப்படிப் படம் பிடிப்பது? எடுத்தனுப்பிய படத்தில் சேதம் எதுவும் தென்படவில்லை என்று கூறி, ‘தீர்க்கப்பட்டது’ என்ற குறிப்போடு புகாரை மூடிவிட்டார்கள். சேவை எப்படி இருந்தது என்று ஐந்து நட்சத்திரங்களைக் காட்டிக் கேட்கும் மின்னஞ்சல் மட்டும் தவறாமல் வந்து சேர்ந்தது.

சாட்பாட் சொல்வதை நிறுவனமே சொன்னதாகக் கொள்ளலாமா என்ற ஐயம் அந்நாட்களில் எனக்கு இருந்தது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத் தீர்ப்பாயம் ஒன்று 2024 பிப்ரவரியில் அதற்கு விடை அளித்தது. குடும்பத்தில் நேர்ந்த இறப்புக்காகப் பயணம் செய்த ஒருவரிடம், கட்டணச் சலுகையைப் பிறகு 90 நாட்களுக்குள் கேட்டுப் பெறலாம் என்று ஏர் கனடாவின் சாட்பாட் சொல்லியிருந்தது. நிறுவனமோ தன் விதிப்படி அது இயலாது என்று மறுத்துவிட்டது. தளத்தில் உள்ள எல்லாத் தகவலுக்கும், அது சாட்பாட் வழியாக வந்தாலும், நிறுவனமே பொறுப்பு என்று தீர்ப்பாயம் கூறி இழப்பீடு வழங்கச் செய்தது. அந்தப் பயணி உரையாடலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தார் என்பதை நான் அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன். அன்று முதல், உரையாடல் சாளரத்தை மூடுமுன் படம் எடுக்காமல் இருந்ததில்லை.

புகார் ஏற்கப்பட்ட பிறகு வருவது வாலட் என்னும் பொறி, அதாவது அந்த நிறுவனத்திடமே செலவழிக்க அதன் தளத்தில் நம் பெயரில் வைக்கப்படும் இருப்பு. ரீஃபண்ட் எங்கே வேண்டும் என்று கேட்கும் பக்கத்தில், அவர்களுடைய வாலட் முன்கூட்டியே தேர்வு செய்யப்பட்டிருக்கும். பணம் செலுத்திய கணக்கிற்கே திருப்பி அனுப்பும் வசதி வெளிறிய எழுத்தில் அடியில் கிடக்கும். அவசரத்தில் பொத்தானை அழுத்தியவருடைய பணம் அந்த நிறுவனத்தை விட்டு வெளியேறுவதே இல்லை. இவ்வாறு இரண்டு முறை ஏமாந்திருக்கிறேன். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 ஜூன் முதல் நடைமுறையில் உள்ள நுகர்வோர் விதிகளின்படி, இணையத்தில் வாங்கிய பெரும்பாலான பொருட்களைக் காரணம் சொல்லாமலே 14 நாட்களுக்குள் வேண்டாம் என்று கூறலாம். வாங்கியவர் வெளிப்படையாகச் சம்மதித்தாலன்றி, செலுத்திய அதே வழியிலேயே பணத்தைத் திருப்பித் தர வேண்டும். முன்கூட்டியே இடப்பட்ட ‘டிக்’ எவருடைய சம்மதமும் அல்ல என்பதே என் கருத்து.

குறிப்பேட்டில் அதிகப் பக்கங்களை நிரப்பியிருப்பது அடுத்த கட்டம். ‘ரீஃபண்ட் அனுப்பிவிட்டோம், வங்கியைக் கேளுங்கள்’ என்று நிறுவனமும், ‘எங்களுக்கு வரவில்லை, நிறுவனத்தைக் கேளுங்கள்’ என்று வங்கியும் மாறி மாறிச் சொல்லும் கட்டம் அது. ஒரு தங்கும் விடுதி முன்பதிவை ரத்து செய்தபோது இப்படி 26 நாட்கள் பந்தாடப்பட்டேன். அப்போதுதான் இதன் உள்விவரம் புரிந்தது. வாங்கிய அன்றே, தொகை விற்பனையாளருக்குப் போய்ச் சேர்ந்து கணக்கு முடிக்கப்படுமுன் ரத்து செய்தால், நம் வங்கி பிடித்து வைத்த தொகை விடுவிக்கப்படுவதோடு வேலை முடிந்துவிடும். கணக்கு முடிந்த பிறகோ, ரீஃபண்ட் என்பது விற்பனையாளரின் வங்கியிலிருந்து அட்டை நிறுவனத்தின் வழியாக நம் வங்கிக்கு வர வேண்டிய தனிப் பரிமாற்றம் ஆகிவிடுகிறது. அதை அடையாளம் காட்ட ஏ.ஆர்.என். எனப்படும் 23 இலக்க எண் ஒன்று உண்டு. உண்மையிலேயே பணம் அனுப்பப்பட்டிருந்தால் அந்த எண்ணைத் தர முடியும். அதைக் கேட்டு நான் எழுதிய மறுநாள், ‘தொழில்நுட்பக் கோளாறால்’ பணம் இன்னும் அனுப்பப்படவில்லை என்று விடுதித் தரப்பிலிருந்து பதில் வந்தது. நான்காம் நாள் பணமும் வந்தது. அதற்கு முன் நான் எழுதிய ஒன்பது மின்னஞ்சல்களும், நெஞ்சை உருக்கும் வகையில் எழுதப்பட்டவை உட்பட, எந்தப் பயனும் தரவில்லை.

அட்டை வழியாகச் செலுத்தியிருந்தால் சார்ஜ்பேக் என்ற வழியும் உண்டு. அதாவது, நிறுவனத்தை விட்டுவிட்டு நம் வங்கியிடமே முறையிடுவது. பலவகைப் புகார்களுக்கு 120 நாட்கள் வரை அவகாசம் தரப்படுகிறது. விற்பனையாளர் தொகையையும் இழந்து தனிக் கட்டணமும் கட்ட நேரிடும் என்பதால், இதைக் கண்டு அஞ்சாத நிறுவனம் குறைவு. நான் இரண்டே முறைதான் பயன்படுத்தினேன். அவற்றில் ஒன்றில் பணம் வந்தது, ஆனால் அந்தத் தளத்தில் என் கணக்கை முடக்கிவிட்டார்கள்.

எல்லாப் பதிவுகளும் இப்படியல்ல. விரிசலோடு வந்த ஒரு கண்ணாடிக் குடுவைக்கு, படம் அனுப்பிய ஐந்தாவது நிமிடமே பணம் தந்து, பொருளைத் திருப்பி அனுப்ப வேண்டாம் என்றும் சொன்னார்கள். அதைத் திரும்ப எடுத்துச் செல்லும் செலவு அதன் விலையைவிட அதிகம் என்ற கணக்குதான் அந்தத் தாராளத்திற்குக் காரணம் என்று தெரிந்தும், அந்தக் கடையிலேயே மேலும் நான்கு முறை வாங்கியிருக்கிறேன்.

63ஆம் பதிவு இன்னும் முடியவில்லை. நிறுத்தப்பட்ட சந்தாவிற்கு எடுத்த தொகை குறித்த புகார் அது. அவர்கள் தளத்தில் 19 நாட்களாகத் ‘தீர்க்கப்பட்டது’ என்றே காட்டுகிறது. ஏ.ஆர்.என். கேட்டு நேற்று எழுதியிருக்கிறேன்.