தொடர்புப் படிவமா, உள்நுழைவுப் பக்கமா?

சட்ட நிறுவனத்தின் இணையதளம் வழியாகக் கட்சிக்காரர் தம் தகவலைத் தருவதற்கு இரண்டு வழிகள் உண்டு: எவரும் நிரப்பி அனுப்பக்கூடிய தொடர்புப் படிவம், கடவுச்சொல்லுடன் நுழையும் தனிப் பக்கம். படிவம் எளிது, ஆனால் சில உலாவிகளின் முகவரிப் பட்டையில் தெரியும் பூட்டுக் குறி, தகவல் சர்வரைச் சென்றடையும் வழி மறையாக்கம் (இடையில் எவரும் படிக்க முடியாதபடி மாற்றுதல்) செய்யப்பட்டுள்ளது என்பதை மட்டுமே காட்டுகிறதே தவிர, அங்கிருந்து அது சாதாரண மின்னஞ்சலாகப் பல ஊழியர்களின் பெட்டிகளுக்குப் பிரிந்து செல்வதைத் தடுப்பதில்லை. அதே தளத்தில் விளம்பர நிறுவனங்களின் குக்கீகள் (பார்வையாளரின் உலாவியில் சேமிக்கப்பட்டு, அவரை அடையாளம் காண உதவும் சிறு கோப்புகள்) இருந்தால், ஒருவர் விவாகரத்து பற்றிய பக்கத்தைத் திறந்தார் என்பதே வெளியாருக்குத் தெரிந்துவிடக்கூடும். ஒரு வரிகூட எழுதாமலே கசியும் இரகசியம் இது. மேலும், எதிர்த்தரப்பினர் ஏற்கெனவே அந்நிறுவனத்தின் கட்சிக்காரராக இருந்தால் நலமுரண் (ஒரே நிறுவனம் எதிரெதிரான இரு தரப்பின் நலனையும் காக்க வேண்டிய சிக்கல்) எழும் என்பதால், படிவத்தில் பெயர், தொடர்பு எண், எதிர்த்தரப்பின் பெயர், வழக்கின் வகை ஆகியவற்றுக்கு மேல் கேட்காதிருப்பதே முறை.

உள்நுழைவுப் பக்கத்திலோ இரண்டடுக்குச் சரிபார்ப்பும் (கடவுச்சொல்லோடு இன்னொரு சான்றையும் கேட்பது), எந்த ஆவணத்தை யார் எப்போது திறந்தார் என்ற பதிவும் சாத்தியம். செலவும் பராமரிப்பும் கூடுதல்; கடவுச்சொல்லோடு மல்லாடுபவர்களும் இருப்பார்கள். ஆயினும் வங்கி அறிக்கையையும் மருத்துவப் பதிவையும் பொதுப் படிவத்தில் இணைக்கச் சொல்லும் நிறுவனத்தை நான் நம்பமாட்டேன். அவை, வழக்கை ஏற்பதாக நிறுவனம் எழுத்தில் உறுதிசெய்த பின், இப்பக்கத்தின் வழியாகவே வர வேண்டும்.