தடைக்காலத்தில் சேர்த்த விநெட், வாடைக்காற்றில் காணாமல் போனது

தொண்டிப் பக்கம் ஐஸ் பிளாண்ட் நடத்தும் நண்பர் ஒருவர், பழைய ஸ்பார்க் டி4-1 சர்வர் எந்திரம் ஒன்று மலிவாக வருவதாகவும், எங்களைப் போலவே அதை டொமைன்களாக, அதாவது தனித்தனியாக ஓடும் பல மெய்நிகர் கணினிகளாக, பிரித்து ஓட்டலாமா என்றும் போன வாரம் கேட்டார். ராமேஸ்வரத்துக்கு அருகே மண்டபத்தில் நான் வேலை பார்க்கும் கடலுணவு ஏற்றுமதி நிறுவனத்தில் அதே எந்திரம் ஐந்து ஆண்டுகளாக ஓடுகிறது. தொலைபேசியில் அவசரமாகச் சொன்னதை இங்கே நிதானமாக எழுதுகிறேன். 8 கோர், 64 திரெட் என்பதெல்லாம் தெரிந்த விவரங்கள், அவற்றில் எனக்குக் குறையும் இல்லை. நான் பேசப்போவது எல்டிஎம் என்ற ஒற்றைக் கட்டளையைப் பற்றியும், அதைக் கொண்டு டொமைன்களுக்கு இடையிலான நெட்வொர்க்கை நடத்துவதைப் பற்றியும்தான். சன் நிறுவனம் 2007-இல் எல்டாம் என்ற பெயரில் வெளியிட்ட இந்த ஏற்பாட்டுக்கு, 2010-இல் அந்நிறுவனம் ஆரக்கிள் கைக்கு வந்த பிறகு நீளமான பெயர் வைக்கப்பட்டது. எங்களுக்கு அது இன்றும் எல்டாம்தான்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கட்டளையின் ஒழுங்கு எனக்கு மிகவும் பிடிக்கும். முன்னால் ஆட், செட், ரிமூவ், லிஸ்ட் என்று செய்ய வேண்டிய வேலை வரும். பின்னால் விசுவிட்ச் (மெய்நிகர் சுவிட்ச்), விநெட் (டொமைனுக்கான மெய்நிகர் நெட்வொர்க் அட்டை) என்று பொருளின் பெயர் வரும். இரண்டு நாள் பழகினால் கையேட்டைத் திறக்காமலே அடுத்த கட்டளையை ஊகித்து அடித்துவிடலாம். மற்ற டொமைன்களை நிர்வகிக்கும் கன்ட்ரோல் டொமைனில் இருந்தபடி உண்மையான ஈதர்நெட் போர்ட் ஒன்றைக் காட்டி மெய்நிகர் சுவிட்சை உருவாக்கிவிட்டால், அதன் பிறகு ஒவ்வொரு டொமைனுக்கும் ஒரு வரியில் விநெட் கொடுக்கலாம்; பிவிஐடி என்று எழுதி எண்ணைக் கொடுத்தால் விலான் பிரிப்பும், அதாவது ஒரே நெட்வொர்க்கைத் தனித்தனி நெட்வொர்க்குகளாகப் பிரிப்பதும், அதே வரியில் முடிந்துவிடும். கணக்குக்கு 10, குளிர் அறைக்கு 20 என்று பிரித்திருக்கிறோம். டொமைன் ஓடிக்கொண்டிருக்கும்போதே விநெட்டைச் சேர்க்கலாம், எதையும் நிறுத்த வேண்டியதில்லை. மீன் இறங்குதளத்தில் நின்றுகொண்டு, ஒற்றைக் கோடு சிக்னல் காட்டும் கைப்பேசியிலிருந்து நான் இதைச் செய்திருக்கிறேன். வரைகலைத் திரை வைத்து நடத்துகிற எந்தக் கருவியும் அந்த இடத்தில் பாதிகூடத் திறந்திருக்காது.

இனி என் எரிச்சல். கட்டளை உடனே பலிக்கிறது, ஆனால் நிலைப்பதில்லை. நாம் செய்த மாற்றத்தை ஆட்-எஸ்பிகான்ஃபிக் என்ற தனிக் கட்டளையால், எந்திரத்துக்குள்ளேயே அதைக் கண்காணிக்கும் சிறு கணினியான சர்வீஸ் புராசஸரில் சேமிக்காவிட்டால், எந்திரம் முழுவதுமாக மின்சாரம் இழந்து எழும்போது, கடைசியாகச் சேமித்த பழைய அமைப்புக்கே திரும்பிவிடும். கையேட்டில் இது தெளிவாக எழுதியிருக்கிறது என்பதையும், நான் அதைப் படித்திருந்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். சிக்கல் என்னவென்றால், டொமைன்களை எத்தனை முறை ரீபூட் செய்தாலும் அந்த மறதி வெளியே தெரியாது. முழு மின்தடை வரும்வரை அது அடியில் கிடக்கும்.

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை என்பதால், பராமரிப்பு வேலைகளை எல்லாம் நாங்கள் மே மாதத்தில்தான் வைத்துக்கொள்வோம். அப்படி ஒரு மே மாதத்தில் குளிர் அறையின் வெப்பநிலையைப் பதியும் டொமைனுக்கு இரண்டாவது விநெட் ஒன்றைச் சேர்த்துவிட்டு, சேமிக்காமல் வீட்டுக்குப் போயிருக்கிறேன். ஆறு மாதம் ஒரு குறையும் இல்லை. நவம்பரில் வாடை வலுத்த ஒரு இரவில் மின்சாரம் போனது, சர்வர் அறையின் யுபிஎஸ் பேட்டரியும் தீர்ந்தது. விடிவதற்கு முன் காவலாளி அழைத்து, “அண்ணே, குளிர் ரூம் திரையில ஒரு நம்பரும் ஓடல, எல்லாம் கோடாக் கெடக்கு” என்றார். ஜெனரேட்டர் புண்ணியத்தில் குளிர் அறை −18 டிகிரியிலேயே இருந்தது, கனவாயும் இறாலும் தப்பின. பதிவு மட்டும் இல்லை. பதிவில்லாத அந்த மணி நேரங்களுக்குச் சரக்கு வாங்குபவரிடம் என்ன கணக்குக் காட்டுவது?

விநெட்டை மறுபடி சேர்க்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஆனாலும் நெட்வொர்க் எழவில்லை. நெட்வொர்க் அட்டையின் அடையாள எண்ணான மேக் முகவரியை நான் குறிப்பிடாததால் எல்டிஎம் தானாகப் புதிதாக ஒன்றைக் கொடுத்திருந்தது. வெளியே இருக்கும் சுவிட்சிலோ பழைய முகவரியை மட்டும் அனுமதிக்குமாறு நானே பூட்டியிருந்தேன். எல்டாமுக்கென ஒதுக்கிய 5,24,288 முகவரிகளில் கீழ்ப்பாதி இப்படித் தானாகத் தருவதற்கு, மேல்பாதி நாமே எழுதிக் கொடுப்பதற்கு. இப்போதெல்லாம் மேல்பாதியிலிருந்து ஒன்றை எடுத்து நோட்டில் குறித்துவைத்த பிறகே விநெட் சேர்க்கிறேன்.

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நான் செய்த மாற்றம் உண்மையில் தொலைந்திருக்கவில்லை. கன்ட்ரோல் டொமைனின் வட்டில் தானியங்கிப் பிரதியாக அது பத்திரமாக இருந்தது. சேமித்ததைவிடப் பிரதி புதிதாக இருந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதை ஆட்டோரெக்கவரி பாலிசி என்ற எண் தீர்மானிக்கிறது. இயல்பில் அது 1. அதாவது லாக் என்ற நிகழ்வுப் பதிவேட்டில் ஒரு எச்சரிக்கை எழுதுவதோடு சரி. விடியற்காலையில், தூக்கக் கலக்கத்தில், லாகை யார் பார்க்கிறார்கள்? 2 என்றால் முதல் கட்டளை அடித்தவுடனே சொல்லும், 3 என்றால் தானே சரிசெய்யும். சரிசெய்தது நடப்புக்கு வர இன்னொரு முறை எந்திரத்தை முழுவதுமாக அணைத்து எழுப்ப வேண்டும் என்பது தனி வேடிக்கை. நான் 3-க்கு மாற்றிவிட்டேன். ஆனாலும் அந்த எண்ணை நம்பாமல், ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் அன்றைய தேதியையே பெயராக வைத்து என் கையால் சேமிக்கிறேன். சர்வீஸ் புராசஸரில் சில அமைப்புகளுக்கே இடம் உண்டு. பழைய தேதிகளை அவ்வப்போது நீக்க வேண்டியிருக்கிறது.

மாற்றம் செய்துவிட்டு வெளியேறும்போது, “இன்னும் சேமிக்கவில்லை” என்று ஒரே ஒரு வரி காட்டியிருந்தால் போதும், இத்தனையும் எழுதியிருக்க மாட்டேன்.

வாங்க வேண்டாம் என்றுதான் நண்பரிடம் சொன்னேன். வெளியே வாடை இரைந்துகொண்டிருந்த வேளையில் கேட்டதும் ஒரு காரணமாக இருக்கலாம். “அப்படியானால் உங்களுடையதைக் கொடுங்கள், நான் எடுத்துக்கொள்கிறேன்” என்று சிரித்தார். அது விற்பனைக்கு இல்லை.