14416 மனநல உதவி எண்: சந்தேக நோய் உள்ள வீட்டுக்கு எவ்வளவு பயன்?

2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநல சேவையின் எண் 14416. கட்டணம் கிடையாது, 24 மணி நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம். பரீட்சை பயம், கடன் நெருக்கடி என்று மனம் விட்டுப் பேச நினைப்பவருக்கு நல்ல சேவை. சந்தேக நோய், அதாவது உண்மையில்லாத ஒன்றை அசைக்க முடியாமல் நம்பும் டெலுஷனல் டிஸ்ஆர்டர் உள்ள வீட்டில் கதை வேறு. பக்கத்து வயல்காரர் சோற்றில் மருந்து வைக்கிறார், போனை ஒட்டுக்கேட்கிறார்கள் என்று நம்புகிறவர், அதே போனில் முகம் தெரியாதவரிடம் வாய் திறக்க மாட்டார். வீட்டார்தான் கூப்பிட வேண்டும். அவர் காதில் விழும்படி பேசாதீர்கள். சதிக்கு அதுவே சாட்சியாகிவிடும்.

இந்த நோய் உள்ளவர் நடவுக்கு ஆள் விடுவார், கணக்கு பார்ப்பார், கல்யாணத்துக்குப் போய் மொய் எழுதுவார். அந்த ஒரு நம்பிக்கை மட்டும் அசையாது. ஆகவே "சந்தேகப் புத்தி" என்று பேச்சை ஆரம்பித்தால் எதிர்முனையில் இருப்பவர் குடும்பச் சண்டை என்று எடுத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம். யாரோ துரத்துகிறார்கள், உடம்பில் பூச்சி ஊர்கிறது என்று வருடக்கணக்கில் சொல்லி, ஒருவரும் நம்பாமல் ஒதுங்கிப்போனவரிடம் மனச்சோர்வு சேர்ந்துகொள்ளும். தற்கொலை எண்ணம் பெரும்பாலும் அந்த வழியில்தான் வரும். தீப்பெட்டியில் "பூச்சி" பிடித்துக்கொண்டு தோல் டாக்டரிடம் அலைகிறவர்களை இந்தக் கோணத்தில் யாரும் பார்ப்பதில்லை.

எனவே முதல் நிமிடத்திலேயே சொல்ல வேண்டியவை: நம்பிக்கை எப்போது தொடங்கியது, தூக்கம் எத்தனை மணி நேரம், சாப்பாடு குறைந்ததா, "இருந்து என்ன" என்று பேசினாரா, முன்பு தற்கொலைக்கு முயன்றதுண்டா, குடி உண்டா, யாரையாவது தாக்குவேன் என்றாரா. மனைவியின் நடத்தை மேல் சந்தேகம் என்றால் கடைசிக் கேள்வி மிக முக்கியம். போனை எடுப்பவர் ஆலோசகர், அடுத்த நிலையில் மனநல மருத்துவர் உண்டு. கேட்டு வாங்குங்கள்.

நோய் உள்ளவரிடம் "சாகணும்னு தோணுதா?" என்று நேராகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் முளைக்காது. நம்பிக்கையை மறுத்து வாதாடவும் வேண்டாம், ஆமாம் போடவும் வேண்டாம். "ராத்திரியெல்லாம் பயந்துகிட்டே கிடந்தா உடம்பு என்னத்துக்கு ஆகும், தூக்கத்துக்கு டாக்டரைப் பார்ப்போம்" என்றால் பலர் கிளம்புவார்கள். டெல்டாவில் சம்பா நேரத்தில் திண்ணையிலும் மாட்டுக்கொட்டகையிலும் பூச்சிமருந்து கிடக்கும். அன்றைக்கே வீட்டை விட்டு அகற்றுங்கள், எலி மருந்தையும் சேர்த்து. மாத்திரைப் பட்டையும் வேறொருவர் கையில் இருக்கட்டும்.

சேவையின் பெரிய குறை தூரம். போன் முடிந்தபின் வேதாரண்யத்திலிருந்தோ முத்துப்பேட்டையிலிருந்தோ ஆளை அழைத்துப் போவது வீட்டார் பாடு. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. காலையிலேயே போய்விடுங்கள். உயிருக்கு உடனடி ஆபத்தென்றால் 14416-ல் பேசிக்கொண்டிருக்காமல் 108. வர மறுத்தாலும், டாக்டர்கள் நேரில் பரிசோதித்து உயிராபத்து என்று உறுதி செய்தால், 2017 மனநலச் சட்டப்படி முதலில் 30 நாள் வரை சேர்த்து சிகிச்சை தர வழி இருக்கிறது.

மனநோய் தீர வேண்டிப் போகும் குணசீலம் பெருமாள் கோயிலில் 48 நாள் தங்க வேண்டுமென்றால் தங்கட்டும், மாத்திரை நிற்கக்கூடாது. சோற்றில் கலந்து கொடுப்பதுதான் மோசமான யோசனை. விஷம் வைக்கிறார்கள் என்ற பயத்துக்கு அன்றோடு ஆதாரம் கிடைத்துவிடும். ஒளித்துக் கொடுப்பதற்குப் பதில் மாதம் ஒருமுறை போடும் ஊசி சரிவருமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

14416-க்கு வழிகாட்டியாக ஐந்துக்கு நான்கு, தொடர் கவனிப்புக்கு இரண்டு மதிப்பெண். ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பும் முதல் வாரங்களில் தற்கொலை ஆபத்து அதிகம். டிஸ்சார்ஜ் சீட்டு வாங்கும்போதே ஒரு வாரத்துக்குள் மறுபரிசோதனைத் தேதியும் அதுவரைக்கு மட்டும் மாத்திரையும் கேட்டு வாங்குங்கள்.