வாழ்க்கைத் திறன் வகுப்பு: ஓராண்டு படித்த அனுபவம்

பல்கலைக்கழக மானியக் குழு 2019-இல் வெளியிட்ட 'ஜீவன் கௌஷல்' (வாழ்க்கைத் திறன்) பாடத்திட்டம், தகவல் தொடர்பு, தொழில்முறைத் திறன், தலைமைப் பண்பு, மனித விழுமியங்கள் ஆகியவற்றைப் பட்டப்படிப்போடு சேர்த்துக் கற்பிக்கப் பரிந்துரைக்கிறது. அதைத் தழுவி எங்கள் கல்லூரியில் நடந்த வகுப்பில் படித்தவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

தகவல் தொடர்புப் பகுதி மிகச் சிறப்பாக இருந்தது. 12 பேர் வட்டமாக அமர்ந்து, தம் கருத்தைச் சொல்லும் முன், முன்னவர் சொன்னதை அவரே ஒப்புக்கொள்ளும்படி திருப்பிச் சொல்ல வேண்டும் என்பதே பயிற்சி. முதல் நாளில் கைக்குட்டையைக் கசக்கியபடி தரையைப் பார்த்துப் பேசிய தோழி, செமஸ்டர் முடிவில் விடுதி உணவு பற்றிய எங்கள் குறைகளை முதல்வரிடம் நிதானமாக, ஒன்றுகூட விடாமல் எடுத்துரைத்தாள். கணக்கில் அவளுக்கு எப்போதும் முதலிடம்தான். ஆனால் வாய் திறந்து கேட்கும் துணிவை அந்த வட்டம்தான் தந்தது. இதற்காகவே பல்கலைக்கழகங்கள் இவ்வகுப்பைக் கட்டாயம் நடத்த வேண்டும் என்பேன்.

விழுமியங்கள் பகுதியோ பெரும் ஏமாற்றம். 60 பேரை ஒரே அறையில் அமர்த்தி, நேர்மை என்றால் என்ன என்று எழுதச் சொல்லி 5 மதிப்பெண் வழங்கினார்கள். மனப்பாடம் செய்தவர்கள் முழு மதிப்பெண் பெற்றார்கள். சேர விரும்புவோர், குழுவில் எத்தனை பேர் என்பதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.